மெஷினோடு சேர்த்துத் தைத்த பை

ஒருவர் எவ்வளவு படித்தவர் என்பது, ஜீன்ஸ் பேண்டின் ஒரு தையல் இன்னொரு தையலைச் சந்திக்கும் இடத்தில் தெரிந்துவிடும். அந்த இடத்தில் துணி எட்டு மடிப்பாக இருக்கும். நான் பி.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. அது அந்த எட்டு மடிப்புக்குத் தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான்தான். (கல்லூரி கேண்டீனில் பரோட்டா போட்ட சித்தப்பாவைக் கணக்கில் சேர்க்கவில்லை.) அம்மாவும் அப்பாவும் ராஜபாளையத்தில் மில் வேலை. அக்கா கனி சின்ன வகுப்போடு நின்று அதே மில்லுக்குப் போய்விட்டாள். அதனால் வீட்டுக்கு மிக்ஸி வந்தாலும், மாத்திரை அட்டை வந்தாலும், கரண்ட் ஆபீசிலிருந்து ஆள் வந்தாலும், "செல்வியைக் கூப்பிடு" என்பார்கள். இப்படி யாராவது தொடர்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு பெண் நம்பத்தான் செய்வாள்.

அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். பஸ்ஸில் அரை மணி நேரம். "இந்தா இருக்கு, நெனைச்சா போய்ப் பாத்துட்டு வா" என்றார்கள். இந்தா இருக்கிற ஊர்தான் ரொம்பக் கஷ்டம். துபாய்க்குப் போனவளுக்காக அழுதால் ஊரே ஆறுதல் சொல்லும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனவளுக்காக அழுதால் சிரிக்கும். அதனால் நான் அழாமல் சனிக்கிழமைதோறும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒரு தடவை கொத்தமல்லி கொடுக்கப் போனேன்.

அப்படிப் போன ஒரு சனிக்கிழமைதான், அத்தானுக்குப் புனேயில் வேலை கிடைத்திருப்பதாகவும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கிளம்புவதாகவும் அக்கா சொன்னாள். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். கண் எதற்குக் கலங்கியது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

"துணிமணி வைக்கப் பெரிய பையா ஒண்ணு வாங்கணும்டி" என்றாள்.

"வாங்காதக்கா. நான் தச்சுத் தாரேன்."

"ஏட்டி, நீ இதுவரைக்கும் ஒரு பட்டன் தச்சிருக்கியா?"

"பட்டன்லாம் சின்ன வேலைக்கா. அது எனக்கு வராது."

அந்தத் தெரியாத ஊரில் அவள் தோளில் தொங்குவது என் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று அப்போது தோன்றிவிட்டது. அக்கா சிரித்தாள். ஆனால் வேறு பை வாங்கவில்லை. போதாக்குறைக்கு மாமியாரிடமும், "என் தங்கச்சி தச்சுக் கொண்டாரா அத்தை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது. அக்கா கல்யாணத்துக்குத் தாய்மாமா சீராகக் கொடுத்தது. மாமியார் வீட்டில் வைக்க இடமில்லை என்று எங்களிடமே தங்கிவிட்டது. தைக்கத் தெரிந்தவர்கள் எங்கள் வம்சத்திலேயே இல்லை. அதனால் அதன் மேல் மாவுச் சட்டி இருக்கும், டிவி ரிமோட் இருக்கும்.

சொந்தக்காரப் பையன்களின் பழைய ஜீன்ஸ் பேண்டுகளைச் சேர்த்தேன். செல்போனில் ஒரு அம்மா தடித்த துணி தைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். தடித்த ஊசி போடுங்கள் என்றார். தையலை நீளமாக வையுங்கள் என்றார். மடிப்புகள் சேரும் இடத்தில் சுத்தியலால் தட்டித் துணியைத் தட்டையாக்குங்கள், அந்த இடத்தில் காலால் மிதிக்காமல் கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள் என்றார். அதில் சுத்தியல் மட்டும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டில் சுத்தியல் இல்லை. அம்மிக் குழவியை எடுத்துத் தட்டினேன்.

"ஏட்டி, தொவையல் அரைக்கியா, துணி தைக்கியா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

ஊசியை மாற்றவில்லை. மெஷினோடு வந்த ஊசி ரவிக்கை தைக்கிற ஊசி. அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுப்பது, எனவே முனை மெல்லியதாக இருந்தால்தான் சுலபமாக இறங்கும் என்று அம்மாவுக்கு விளக்கினேன். (அம்மா வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை என்கிற முகம்.) விளக்கி முடிப்பதற்குள் முதல் ஊசி ஒடிந்து சாம்பார் பக்கமாகப் பறந்தது. அன்றைக்கு வீட்டில் யாரும் சாம்பார் ஊற்றிக்கொள்ளவில்லை.

டப்பாவில் இருந்த ஊசிகள் ஒவ்வொன்றாகப் போயின. இருந்தாலும் பை உருவாகிக்கொண்டு வந்தது. மேலே தையல் ஓரளவுக்கு நேராக இருந்தது. கீழே பார்த்தால் குருவி கூடு கட்டியது மாதிரி நூல். அக்கா கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. கைப்பிடியின் கடைசி முனையைப் பையின் வாயோடு சேர்த்துத் தைக்க வேண்டும். சரியாக அங்கேதான் அந்த எட்டு மடிப்பு.

சக்கரத்தைக் கையால் சுற்றியிருக்கலாம். நான் எழுந்து நின்று மிதித்தேன்.

'கடக்' என்று ஒரு சத்தம். பிறகு மெஷின் அசையவே இல்லை. ஊசி துணிக்குள் இறங்கி நின்றுவிட்டது. சக்கரம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அடியில் நூல் முடிச்சு விழுந்து துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஊசியைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றலாம் என்று கத்தி முனையால் திருப்பினேன். திருகின் தலை வழுக்கையானதுதான் மிச்சம்.

"கத்தரிக்கோலை வச்சு வெட்டிரு" என்றாள் அம்மா.

"கைப்பிடி போயிரும்மா. கைப்பிடி இல்லாம பையா? வெட்டக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மெக்கானிக் கடையும் மூடியிருந்தது. ரயிலோ இருட்டும் நேரத்துக்கு. அம்மா மெஷினையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு மேஜையில் இருந்த திருகுகளைத் தளர்த்தி, மெஷினின் மேல்பாகமான ஹெட்டை மட்டும் தனியாகத் தூக்கினாள். தொங்கிக்கொண்டிருந்த பையை இழுத்து, அந்த ஹெட்டின் மேலேயே உறை மாதிரி மாட்டி, நிமிர்த்தி வைத்தாள். தைத்த மெஷின் தைத்த பைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

"கொண்டு போ. அவிய வீட்ல யாராச்சும் எடுத்து விடுவாவ."

பஸ்ஸில் கண்டக்டர் பையைக் காலால் நகர்த்திப் பார்த்தார். அது நகரவில்லை.

"உள்ள என்னம்மா, ஆட்டுக்கல்லா?"

"தையல் மெஷின்ணே."

"பொம்பளையாளுக்குத்தான் ஃப்ரீ. மெஷினுக்குக் கெடையாது" என்று லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தவர், பையை மறுபடி பார்த்தார். "பை நல்லா கெட்டியா இருக்கே, எங்க வாங்குனது?"

இன்றுவரை எந்தப் பரிசளிப்பு விழாவிலும் எனக்கு அப்படி ஒரு பெருமை வந்ததில்லை. "நானே தச்சேன்."

"இந்த மெஷின்லயா?"

"ஆமாண்ணே."

"தச்ச பொறவு மெஷினை வெளிய எடுக்கணும்மா" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே மலை கறுத்துக்கொண்டு வந்தது. அக்காவிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை என்று சொல்ல வேண்டும். நான் படித்த ஒவ்வொரு வருஷமும் நீ மில்லில் நின்ற வருஷம் என்று சொல்ல வேண்டும். அடுத்த சனிக்கிழமை இந்த பஸ்ஸில் ஏற எனக்குச் சாக்கே இல்லை என்று சொல்ல வேண்டும். கல்லூரிப் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்கிற மாதிரி வரிசையாக வைத்திருந்தேன்.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் பிளாட்பாரத்தில் நின்றார்கள். அக்காவின் துணிகள் ஒரு போர்வையில் மூட்டையாகக் கட்டப்பட்டுத் தரையில் கிடந்தன. பக்கத்தில் அவள் மாமியார்.

"படிச்ச பிள்ள பை கொண்டாருதுன்னாளே, வந்துட்டா?" என்றார் அந்த அத்தை.

அக்கா ஓடி வந்து பையை வாங்கினாள். கை சட்டென்று கீழே போனது. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இது என்ன?"

"மெஷின்."

"பை எங்கட்டி?"

"இதான் பை."

அத்தான் நல்ல மனிதர். சிரிக்காமல், உண்மையாகவே தெரிந்துகொள்கிறவர் மாதிரிக் கேட்டார்: "ஏம்மா செல்வி, இந்த ரயிலு ராஜபாளையத்துல நின்னுட்டுத்தான இங்க வருது? அங்கேயே ஏறி வந்திருந்தா, பஸ்ஸுல இத சொமந்திருக்க வேண்டாமே?"

எனக்கு அது தோன்றவே இல்லை. முதல் வகுப்பு.

ரயில் வந்துவிட்டது. இங்கே செத்த நேரம்தான் நிற்கும். "இத இங்கேயே வச்சுட்டு மூட்டையோட ஏறு" என்று மாமியார் அவசரப்படுத்தினார். அக்கா தரையில் உட்கார்ந்து போர்வை முடிச்சை அவிழ்த்தாள். ஒவ்வொரு சேலையாக எடுத்து மெஷினைச் சுற்றிச் சொருகினாள். ரவிக்கைகளைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் திணித்தாள். எல்லாம் உள்ளே போய்விட்டது. எழுந்து, எட்டு மடிப்பில் பாதி தைத்த கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். அறுந்துவிடும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் ரயிலுக்குள் இருந்தாள்.

"எம் தங்கச்சி தச்சது, அத்தை. இதுலதான் கொண்டு போவேன்" என்றாள் வாசலில் நின்றுகொண்டு.

ரயில் நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்ததில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். தொண்டை கிழியக் கத்தினேன்:

"அக்கா, ஆயில் விடணும்! மறந்துராத, ஆயில் விடணும்!"

பிளாட்பாரம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்தபோது, ஹெட்டு இல்லாத மேஜையில் ஒரு பெரிய ஓட்டை. அம்மா அதன் மேல் துண்டை விரித்து மூடியிருந்தாள். துண்டு நடுவில் குழிந்து தொங்கியது. அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டேன்.

புனேயில் ஒரு மெக்கானிக் மெஷினையும் பையையும் பிரித்துவிட்டார். பைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அக்கா போனில் சொன்னாள். இப்போது அந்த மெஷினுக்கு அங்கேயே ஒரு மேஜை வாங்கி, அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு ஜீன்ஸ் நீளத்தைக் குறைத்துக் கொடுக்கிறாள். ஒவ்வொரு தடவை போனை வைக்கும்போதும் "சரி, வாரேன்" என்று நாங்கள் சொல்வதில்லை. "ஆயில் விட்டியா?" என்பேன். "விட்டேன்டி, நீ?" என்பாள். என்னிடம் மெஷினே கிடையாது. இருந்தாலும் விட்டேன் என்பேன்.

போன மாதம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. பஸ் ஏற்றிவிட அம்மா வந்தாள். அம்மா அழுகிறவள் இல்லை, மனசில் இருப்பதைப் பேசுகிறவளும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சும்மா நின்றாள். பஸ் கிளம்பியதும் கூடவே இரண்டு எட்டு வைத்து, "ஏட்டி, ஆயில் விடு" என்றாள்.

பக்கத்து சீட்டு அம்மாள் திரும்பி, என் தலைமுடியை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, பரட்டையாத்தான் கெடக்கு" என்றார்.