சாம்பியாவுக்கும் நீலாயதாட்சிக்கும் பொருத்தம்

நெரவி,
9.6.1978

மரியாதைக்குரிய மச்சான் காத்தமுத்து அவர்களுக்கு, நெரவி தங்கையன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் பசுமாடும் சுகம். உங்கள் மருமகள் நீலாயதாட்சியும் சுகம்தான், அதுதான் இப்போது கவலையாக இருக்கிறது. பாண்டிச்சேரியில் நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

விஷயம் என்னவென்றால், நீலாவுக்கு ஆப்பிரிக்காவில் சாம்பியா என்ற தேசத்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை வந்திருக்கிறது. என்னிடம் சொல்லாமல் விண்ணப்பம் போட்டு, ஆசிரியர் மாநாடு என்று சொல்லிவிட்டு மெட்ராஸ் போய்ப் பரீட்சை எழுதி, நேரில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மூன்று வருஷ ஒப்பந்தம், வீடு உண்டு, வைத்தியம் இலவசம். கூட வருகிற கணவனுக்கும் குழந்தைகளுக்கும் விமான டிக்கெட் உண்டு என்று போட்டிருக்கிறது. தகப்பனுக்கு உண்டா என்று கேட்டேன். நீலா அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டாள்.

வயசுப்பெண்ணை விசாரிக்காமல் ஓர் இடத்துக்கு அனுப்ப முடியுமா? மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது போல நானும் விசாரிக்கக் கிளம்பினேன். கொம்யூன் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தபோது பழக்கமான மாரிக்கண்ணு பட்டினச்சேரியில் இருக்கிறார், கடலை அறிந்தவர், அக்கரை தேசம் தெரிந்திருக்கும் என்று பஸ் ஏறிப் போனேன். வலையைப் பிரித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். நான் கொண்டுபோன பள்ளிக்கூட அட்லஸை விரித்துக் காட்டினேன். விரலால் நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, சுத்திலும் தரையால்ல இருக்குது? கடலே இல்லாத ஊருக்கா பொண்ண அனுப்பப் போறீங்க? மீனு எங்கேருந்துங்க வரும்?” என்றார். நியாயமாகத்தானே பட்டது? அட்லஸில் மீன் செதில் ஒட்டிக்கொண்டு, நீலாவிடம் அதற்கும் பேச்சு வாங்கினேன்.

அடுத்தபடி ஜாதகம். சிரிக்காதீர்கள் மச்சான். நீலாவின் பொது அறிவுப் புத்தகத்தில் அந்தத் தேசம் சுதந்திரம் அடைந்த தேதி இருந்தது, 1964 அக்டோபர் 24, பிறந்த நேரம் நடுநிசி. குறித்துக்கொண்டு அம்பலவாண ஜோசியரிடம் போனேன். நாற்பது வருஷத்தில் தேசத்துக்கு ஜாதகம் கணித்ததில்லை என்று முதலில் தயங்கினார், பிறகு ஆசை வந்துவிட்டது. மத்தியானம் வரை சிலேட்டில் போட்டுப் போட்டு அழித்தார். மாப்பிள்ளைக்கு ரிஷப ராசியாம், பெண்ணைவிட இருபது வயது இளையவராம், அது ஒன்றுதான் குறையாம். மற்றபடி பத்துக்கு எட்டுப் பொருத்தம், “ரஜ்ஜுகூடத் தட்டலீங்க, அமோகமா இருக்குது” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் என்று அவர் நினைத்துக்கொண்டு ஒரு மோர் கொடுத்தார்.

மச்சான், இனிமேல் எழுதப்போவதை அக்காவிடம் படித்துக் காட்ட வேண்டாம். இதுவரை நீலாவுக்கு ஏழு ஜாதகம் வந்து ஏழும் பொருந்தவில்லை என்று உங்களுக்கு எழுதினேன் அல்லவா? நான்குதான் பொருந்தவில்லை. மூன்று பொருந்தியது. கோட்டுச்சேரி வாத்தியார் பையனுக்கு ஒன்பது பொருத்தம். நான்தான் ஜோசியர் காலைப் பிடிக்காத குறையாக, பொருந்தவில்லை என்று சொல்லச் சொன்னேன். உங்கள் தங்கை லோகாம்பாள் போனபோது நீலாவுக்கு இருபத்திரண்டு வயது. இவளும் போய்விட்டால் வீட்டில் விளக்கு ஏற்ற ஆளில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளக்கை நானே ஏற்றியிருக்கலாம். இப்போது அவளுக்கு முப்பத்து நான்கு. லோகாம்பாள் இருந்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருப்பாளா?

இப்படிப்பட்டவன் திருந்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். திருந்தவில்லை. மோரைக் குடித்துவிட்டு, இந்தச் சாம்பியாவும் பொருந்தவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று மெதுவாகக் கேட்டேன். ஜோசியர் சிலேட்டைக் கவிழ்த்து வைத்தார். “மூணு தடவ ஒங்களுக்காகப் பொய் சொன்னேங்க. என் ரெண்டு பொண்ணும் கல்யாணமாவாம வீட்டுலதாங்க ஒக்காந்திருக்குது. அந்தப் பாவந்தான்னு என் வீட்டுக்காரி சொல்றா. இனிமே முடியாதுங்க” என்றார். அவர் வீட்டில் எந்தப் பெண்ணோ உள்ளே இருமினாள். செருப்பைப் போட மறந்து பாதித் தூரம் வந்துவிட்டேன், திரும்பிப் போய் எடுக்க வெட்கமாக இருந்தது.

வெறுங்காலோடு வந்து நின்றவனுக்கு நீலா கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள். சோறு போட்டாள். அப்படி என்னம்மா அந்த ஊரில் இருக்கிறது என்று நானே கேட்டேன். “அங்க யாரும் என்னைப் பாத்து ‘இன்னும் ஆவலையா’ன்னு கேக்க மாட்டாங்கப்பா. கேட்டாலும் இங்கிலீஷ்ல கேப்பாங்க, அவ்வளவா வலிக்காது” என்றாள். பிறகு, “மாமா சரின்னு எழுதுனா போறேன். வேணாம்னு எழுதுனா, இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்” என்றாள். இந்த மாதம் முப்பதுக்குள் அவள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

ஆகவே தாய்மாமனாகிய நீங்கள் ஒரே வரி எழுத வேண்டும். வேண்டாம் என்று. காரணம் கேட்டால் கடல் இல்லை, மீன் இல்லை, சிங்கம் உண்டு, மாப்பிள்ளைக்கு வயது போதாது, எது தோன்றுகிறதோ அதை எழுதுங்கள். நான் எழுதச் சொன்னதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு அறுபத்தாறு ஆகிறது. மூன்று வருஷம் கழித்து அவள் வந்து கதவைத் தட்டினால், திறக்க நான் இருப்பேனோ இல்லையோ. பயமாக இருக்கிறது மச்சான்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகள் பல்லாண்டு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்,
தங்கையன்

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை கேட்டேன். நீலா கொண்டுவந்து, “மாமாவுக்கு என்னப்பா எழுதியிருக்கீங்க?” என்றாள். நிஜத்தைச் சொல்ல வாய் வரவில்லை. “போவட்டும்னுதான் எழுதியிருக்கேன்” என்றேன். “நெசமாவாப்பா?” என்று கேட்டுவிட்டு, விரலில் பருக்கையோடு பக்கத்து வீட்டுச் சொர்ணாம்பாளிடம் சொல்ல ஓடிவிட்டாள். அங்கே அவள் சிரிக்கிற சத்தம் இங்கே கேட்டது. யாரோ சிரிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. ஆகையால் மச்சான், மேலே எழுதியதை விட்டுவிட்டு, போகட்டும் என்றே எழுதிவிடுங்கள், மறுதபாலில். வேறு கடிதம் எழுதியிருக்கலாம், ஆனால் அந்த மூன்று ஜாதகத்தைப் பற்றி ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும் என்று இதையே அனுப்புகிறேன். பொழுது சாய்ந்தும் அவள் இன்னும் திரும்பவில்லை. விளக்கை நான்தான் ஏற்றினேன். திரி கொஞ்சம் தடிமனாகப் போட்டுவிட்டேன், புகைகிறது, ஆனால் எரிகிறது.