பச்சைக் கட்டியும் ஃப்ரிட்ஜ் இளநீரும்

ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் மினுக்குகிற பச்சைக் கட்டியை வைத்து நான் எட்டு நாள் பல் தேய்த்திருக்கிறேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முழுச் சுயநினைவோடு, சொந்தப் புத்தியை மட்டும் நம்பிச் செய்த காரியம் அது. (அந்தப் புத்தியின் லட்சணம் பிற்பாடுதான் தெரிந்தது.)

அப்போது நான் கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் பட்டறையில் லேத் ஓட்டும் டர்னர். வயது இருபத்தெட்டு. கைத்தொழில் இருந்தது, ஜாதகத்திலும் பெரிய கோளாறு கிடையாது. கோளாறெல்லாம் வாய்க்குள் இருந்தது. முன்பற்கள் ஆறிலும் திட்டுத்திட்டாகப் பழுப்புக் கறை. எங்கள் ஊர் கிழக்கே, மழை எப்போதாவது வழி தவறி வந்து போகிற சீமை. ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். என் வகுப்பில் பாதிப் பேருக்கு இதே பல்தான், அதனால் ஊரில் இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. கோயமுத்தூர் வந்து, சிறுவாணித் தண்ணீர் குடித்த பற்களுக்கு நடுவே நின்றபோதுதான் வாயை மூடக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன் விசாரிப்பு பலமாக இருக்கும். யாராவது ஒரு பெரியவர் பட்டறைக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் வந்து உட்கார்ந்து, சும்மா கேட்பதுபோல் கேட்பார். டீ மாஸ்டர் எனக்கு நல்லதுதான் சொன்னார்: “தங்கமான பையனுங்க. என்ன, வாயத்தான் தொறக்க மாட்டானுங்க.” அவ்வளவு போதாதா? பெரியவர் நான் வெளியே வரும்வரை காத்திருந்து, பல்லை ஒரு கண் பார்த்துவிட்டுப் போய், “பையன் பொகையில போடுவானாட்ட இருக்குது” என்று சொல்லிவிடுவார். வெற்றிலைகூடப் போட்டறியாத எனக்கு இப்படியே நாலு வரன் கைவிட்டுப் போனது.

ஐந்தாவதுதான் சுகந்தி. கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண், அரசுப் பள்ளியில் டீச்சர். பெண் பார்க்கும் போட்டோ என்றால் உதட்டை ஒட்டி வைத்தாற்போல எடுப்பார்கள் இல்லையா? இவள் போட்டோவில் கடைவாய்ப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. இந்தப் பெண் பக்கத்தில் நின்று ஒரு முறையாவது வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. “இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி நான் ஜாதகத்தத் தூக்கிட்டு அலையமாட்டேன் கண்ணு” என்று அம்மா வேறு சொல்லிவிட்டாள்.

ஆசையும் பயமும் ஒன்றாகச் சேர்ந்தால் மூளை வேலை செய்யும் என்பார்கள். எனக்கும் செய்தது, அதுதான் வினை. பட்டறையில் மங்கலாக வருகிற எவர்சில்வர் மூடியில் பச்சைக் கட்டியைத் தடவி பாலிஷ் சக்கரத்தில் காட்டினால் இரண்டே நிமிஷத்தில் முகம் பார்க்கலாம். இரும்புச் சாதியே இப்படி மினுங்கும்போது பல் எம்மாத்திரம்? (சக்கரத்தில் வாயைக் கொடுக்க நினைக்கவில்லை. அந்த அளவுக்கு அறிவு இருந்ததற்கு இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.) கட்டியில் ஒரு துண்டு சுரண்டி, பழைய ஜீன்ஸ் துணியில் தடவி, தினமும் காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று தேய்க்க ஆரம்பித்தேன்.

ஐந்தாம் நாள் காற்றுப் பட்டாலே பல் கூசியது. அழுக்குக் கழன்று வருவதால்தான் கூசுகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஆறாம் நாள் முதலாளி கட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

“ஏப்பா, இத எலி கிலி திங்குதா? ஓரமெல்லாம் சொரண்டியிருக்குது.”

“பொறி வெச்சுப்போடறேனுங்க” என்றேன்.

வைத்தும் விட்டேன், மசால்வடையோடு.

ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அம்மா என் முகத்தையே பார்த்தாள். “எங்க, பல்லக் காட்டு.” காட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “என்ன கெரகம்டா இது! ஈறெல்லாம் பாசி புடிச்ச தொட்டியாட்டப் பச்சப்பசேல்னு இருக்குது!” பழுப்புக் கறை இம்மியும் அசையவில்லை. அதற்குக் கரை கட்டினாற்போலப் பச்சை சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். கிணத்துக்கடவு வரைக்கும் தண்ணீர் பாட்டிலை வைத்துக் கொப்புளித்துக்கொண்டே போனேன். இறங்கும்போது அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்: “அங்க வாயத் தொறந்துபோடாதே சாமி.”

திறக்கவில்லை. “வாங்க வாங்க” என்றவர்களுக்கெல்லாம் உதட்டை மூடியபடியே தலையாட்டினேன். கேட்டதற்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெண்ணின் அப்பா இளநீர் கொண்டுவரும் வரைக்கும்.

“நம்ம தோப்பு எளநிதானுங்க தம்பி. நேத்தே எறக்கி ஃப்ரிட்ஜில வெச்சது, சில்லுனு இருக்கும்.”

தோப்புக்காரர் வீட்டில் இளநீரை வேண்டாம் என்றால் பெண்ணை வேண்டாம் என்ற மாதிரி. தைரியமாக ஒரு வாய் குடித்தேன். ஐயோ சாமி! பல்லில் தொடங்கிய வலி காது, மண்டை எல்லாம் சுற்றிக் கண்ணில் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துச் சுகந்தி காபித் தட்டோடு வந்தாள். குளிருக்குச் சூடுதானே மாற்று என்று அவசரமாகக் காபியை எடுத்து ஒரு மடக்கு விழுங்கினேன். (சொந்தப் புத்தி, மறுபடியும்.) அப்புறம் நடந்தது என் கையில் இல்லை. அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி இருந்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அவளுடைய அப்பா என் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: “ஏனுங்கக்கா, தம்பிக்கு வேற எங்கியாச்சும் மனசு இருக்குதுங்களா? புடிக்காதவர இழுத்துட்டு வந்துட்டீங்களாட்ட?”

அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சும்மா இருந்தால் வரன் போய்விடும். வாயைத் திறந்தாலும் போய்விடும். எப்படியும் போவது என்றால் உண்மையைச் சொல்லிவிட்டே போகட்டும் என்று, “பல்லுக் கூசுதுங்க!” என்று அலறிவிட்டேன்.

பழுப்பும் பச்சையுமாக என் வாய் முழுவதும் அன்றைக்கு அந்தக் கூடத்தில் அரங்கேறியது. பின்னால் யாரோ “பொகையில...” என்று ஆரம்பித்தார்கள். சுகந்தி தட்டைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“சித்த நல்லாத் தொறங்க.”

டீச்சர் சொன்னால் செய்துதானே ஆகவேண்டும்? ஆவென்று திறந்தேன்.

“பொகையிலக் கறை இல்லீங்கப்பா. இது தண்ணிக் கறை. போர்த் தண்ணில ஃப்ளோரைடு சாஸ்தி இருந்தா வர்றது. எங்க ஸ்கூல்ல பாதிக் கொழந்தைகளுக்கு இருக்குது.” குனிந்து ஈறைப் பார்த்தாள். “இந்தப் பச்சைதான் என்னான்னு தெரியலீங்க.”

சொன்னேன். கட்டி, ஜீன்ஸ் துணி, எட்டு நாள், எலிப்பொறி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள் பாருங்கள், போட்டோவில் இருந்த அதே சிரிப்பு. அவளுடைய அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் சுகந்தி, “மொதல்ல பல் டாக்டரப் பாருங்க. அவுங்க என்ன சொன்னாங்கன்னு அப்பாவுக்கு போன் பண்ணுங்க. மத்ததப் பொறவு பேசிக்கலாம்” என்றாள். சரியும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை.

மறுநாளே கணபதியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன், அம்மாவும் கூட வந்தாள். டாக்டரம்மா பச்சையைச் சுத்தம் செய்துவிட்டு, “மேல் பூச்சு தேஞ்சிருக்கு தம்பி. ஃப்ளோரைடு வார்னிஷ் வெச்சா கூச்சம் கொறையும்” என்றார். நான் நாற்காலியிலிருந்து குதித்தே விட்டேன்.

“என்ற பல்லக் கெடுத்ததே அந்தச் சனியந்தானுங்க! மறுக்கா அதையே பூசறீங்களா?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சாம்பார்ல உப்பு அள்ளிக் கொட்டினாக் கெட்டுப்போகும். அதுக்காக உப்பே போடாமச் சாப்பிடுவீங்களா?” என்று கேட்டார். சின்ன வயதில், பல் உருவாகிற காலத்தில் வருஷக்கணக்காகக் குடித்தது அதிகம், அதுதான் கறை. இப்போது மேலே பூசுவது துளியூண்டு; அது பல்லை உறுதியாக்கும். “ஒண்ணு கவனிச்சீங்களா? முப்பத்திரண்டுல ஒண்ணுகூடச் சொத்தை இல்லை. அதுவும் அந்தத் தண்ணி குடுத்ததுதான்.” (எங்கள் முதலாளிக்கு வெள்ளை வெளேரென்ற பல். அதில் மூன்றுக்கு வேர் சிகிச்சை ஆகியிருந்தது.)

அம்மா மட்டும் சமாதானமாகவில்லை. “நான் சும்மா குடுக்கலீங்களே. நல்லா சுண்டச் சுண்டக் காய்ச்சித்தான் குடுத்தேன்.”

டாக்டரம்மா தயங்கினார். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கூடத்தான் செய்யும் என்று மெதுவாகச் சொன்னார். அம்மா அழுதுவிட்டாள். ஊரெல்லாம் வாந்திபேதி வந்தபோதும் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை படுக்கவில்லை என்றால், விறகடுப்பில் அவள் வெந்ததுதான் காரணம். அந்தக் கறையை அதற்குப் பிறகு நான் குறையாக நினைத்ததே இல்லை. கையைப் பிடித்து, “போச்சாது, உடும்மா, சொத்தை ஒண்ணுமில்லயாமா” என்றேன். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தேன்.

சாயங்காலம் கிணத்துக்கடவுக்கு போன் போட்டேன். அவளுடைய அப்பா எடுப்பார் என்று பார்த்தால் சுகந்தி எடுத்தாள். “வார்னிஷ் வெச்சாங்களா?” என்றாள். “வெச்சாங்க” என்றேன். “அப்ப அப்பாவ நல்ல நாள் பாக்கச் சொல்றனுங்க” என்று வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு வருடம் ஆகிறது. எங்கள் மகள் இப்போது பல் தேய்ப்பது என் மேற்பார்வையில்தான். பேஸ்ட் பட்டாணி அளவு, துப்பாமல் விழுங்கக் கூடாது. (ஒருநாள் பட்டறை வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன். வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து என்னை வெளியே துரத்தினார்கள்.) ஊரில் அம்மா இன்னும் தண்ணீரைக் காய்ச்சத்தான் செய்கிறாள். ஆனால் குடம் வருவது பஞ்சாயத்து வைத்த சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து.

“அன்னிக்கு நீங்க கடைசி வரைக்கும் வாயத் தொறக்காமப் போயிருந்தா, திமிர் புடிச்ச ஆளு, வேண்டாம்னு சொல்லியிருப்பேனுங்க” என்று சுகந்தி இப்போதும் சொல்வாள். அந்தப் பச்சைக் கட்டியில் மிச்சம் ஒரு துண்டைப் பூஜை அறையில் வைக்கலாமா என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஃப்ரிட்ஜ் இளநீர் வரும். வீட்டில் எல்லோரும் கூடிய பிறகுதான் மாமனார் அதை என் கையில் கொடுப்பார். “மாப்பிள்ள, அழுகாமக் குடிங்க” என்பார். கூடமே சிரிக்கும், என் மகள்தான் ரொம்பச் சத்தமாகச் சிரிப்பாள். நானும் கறைப்பல் தெரிய வாய்விட்டுச் சிரிப்பேன். பல் இப்போது கூசுவதே இல்லை. ஆனால் எதிரில் சுகந்தி அந்த போட்டோச் சிரிப்பைச் சிரிக்கும்போது கண்ணில் லேசாகத் தண்ணீர் வரத்தான் செய்கிறது. இளநீர் சில்லென்று இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.