மரியாதை அண்ணனின் சுத்தமான ரத்தம்

கோயமுத்தூரில் அவரைவிட மரியாதையான மனிதர் பிறந்ததில்லை. பிறந்திருந்தால் இவர் எழுந்து நின்று இடம் விட்டிருப்பார். பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனி ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலி. துரத்தி வந்த நாயிடமே "ஏனுங்க, கடிச்சுப்போடாதீங்க" என்று கும்பிட்டவர். எங்களுக்கு அவர் மரியாதை அண்ணன்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் இளைக்க ஆரம்பித்தார். தின்பது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டார். கேன்டீனில் புற்றுநோய் என்று குசுகுசுத்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு மாதம் காத்திருந்து பெரிய டாக்டரைப் பார்த்தோம். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாக இருக்கலாம் என்று ரத்தத்தை எடுத்துப் பம்பாய்க்கு அனுப்பினார். ஒன்றுமில்லை என்று பதில் வந்தது.

"அப்ப குடல்ல கட்டி இருக்குதான்னு பார்த்துடலாம்" என்றார் டாக்டர். அண்ணன் "சரிங்க" என்றார்.

வெளியே வந்ததும் பெருமையாகச் சொன்னார்: "ரத்தத்துல ஒண்ணுமில்லாம எப்படிங்க இருக்கும்? டாக்டருக்கு அழுக்கு ரத்தத்தையா குடுக்கறது? ரெண்டு மாசமா பத்தியமுங்க. கஞ்சியும் ரசஞ்சோறுந்தான். சப்பாத்தி, பன்னு எதையும் தொடலீங்க."

"வழக்கம்போலச் சாப்பிடறீங்களான்னு டாக்டர் கேட்டாரேண்ணா?"

"ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன். படிச்சவங்க கேக்கறப்ப இல்லீங்கன்னு சொல்லலாமுங்களா?"

கையைப் பிடித்து மறுபடி உள்ளே இழுத்துப் போனேன். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கோதுமை தின்றுகொண்டிருந்தால்தான் சீலியாக் ரத்தத்தில் தெரியுமாம். பல வாரம் தின்றுவிட்டு வரச் சொன்னார்.

தினமும் சாயங்காலம் பேக்கரி பன்னோடு அவர் எதிரில் உட்காருவேன். "தின்னுங்கண்ணா!" என்று அதட்டுவேன். தின்றுவிட்டு, என்னிடமா பன்னிடமா என்று தெரியாமல் "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக் கக்கூசுக்கு ஓடுவார். ஒருவேளை கட்டியாக இருந்தால், மிச்சமிருக்கும் உடம்பையும் நானல்லவா கரைக்கிறேன்? பயத்தில் எனக்குத் தூக்கம் போனது.

மறுபடி ரத்தம் பம்பாய்க்குப் போய், இரண்டாவது பதில் வந்தது. டாக்டர் சிரித்தார். "அதேதான், சீலியாக். குடல்ல துளி சதை எடுத்து உறுதி பண்ணிக்கலாம். அப்புறம் கோதுமையை விட்டாப் போதும், தேறிடுவீங்க."

அவரைத் திட்டுவதற்காக வாரக்கணக்கில் வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அதற்குப் பதிலாக ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். "அழுவாத கண்ணு. எனக்கு ஒண்ணுமாவாது."

அந்தப் பேச்சில் ஒரு 'ங்க' கூட இல்லை. கூடப்பிறந்த அண்ணன் இல்லையே என்ற குறை எனக்கு அன்றைக்குத் தீர்ந்தது.