போர்மேனின் வலது கைகள்

போர்மேன் என்னைத் தன் வலது கை என்று சொன்னதாக நான் நம்பினேன். இருபத்தொரு வயதில் முட்டாளாக இருக்க எனக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை.

இந்தத் தகவலைச் சொன்னவர் பேட்டரி அண்ணன். 1960களில் ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்டுக்கு இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கை சார்ஜ் செய்து கொடுத்தவர். கோள் சொல்லிக் குடும்பத்தைப் பிரிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கோளைத் தலைகீழாகச் சொல்லித் திரிந்த மனிதர் பூமியிலேயே இவர் ஒருவர்தான். "உன் மாமியா உன்ன மெச்சிக்கினாங்கப்பா" என்பார். அந்த அம்மாள் அன்று ஊரிலேயே இருந்திருக்க மாட்டார். கேட்டவன் ராபர்ட்சன்பேட்டையில் அல்வா வாங்கிக்கொண்டு போவான். மாமியார் அசந்துபோய் உண்மையாகவே மெச்சிவிடுவார்.

நான் அப்போது டெம்பரரி. என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது போர்மேன் கையில். அவர் இருமினால் ஆண்டர்சன்பேட்டை வரை ஆட்கள் எழுந்து நிற்பார்கள். ஆனால் வலது கைக்கு என்ன பயம்? எங்களைக் கீழே இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் அவரை ஒட்டி நின்றுகொண்டு, "முட்டி வலி எப்படி இருக்குது சார்?" என்று விசாரித்தேன். ஒருநாள் அவர் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டேன். கேஜே மூச்சை அடக்கியது.

பிறகொரு காலை, விளக்கு வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் முனுசாமி. அவனிடம் பேட்டரி அண்ணன் சொன்னது காதில் விழுந்தது.

"போர்மேன் உன்னதான் வலது கைன்றாருப்பா."

அவனுக்கு முன்னால் நின்றவன் திரும்பி, "இன்னாண்ணே, நேத்து என்னத்தானே வலது கைன்னு சொன்னே?" என்றான்.

ஒரு மனிதனுக்கு எத்தனை வலது கை? போர்மேன் தோளில் நான் தட்டிவிட்ட தூசி நினைவுக்கு வந்தது.

ஓடிப்போய் போர்மேன் எதிரே நின்றேன். "சார், நீங்க என்ன வலது கைன்னு சொன்னதா நெனச்சி ஓவராப் பழகிட்டேன். வேலைய விட்டுத் தூக்கிடாதீங்க."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "அப்போ நீ என்னத் தங்கமான மனுசன்னு சொல்லலியா?"

"இல்ல சார்."

"பேட்டரி சொன்னானேப்பா." முட்டியைத் தடவிக்கொண்டார். "சரி, வுடு. அத்த நம்பித்தான் நானும் உன்கிட்ட சிரிச்சிப் பேசினேன். என் முட்டிய இந்த ஊர்ல விசாரிச்சது நீ ஒருத்தன்தான். உன் பேர நேத்தே பர்மனென்ட்டுக்கு அனுப்பிட்டேன். போ."

நேரே விளக்கு அறைக்குப் போனேன். "அண்ணே, உங்க கையால வெளக்கு வாங்கினாத்தான் கீழ எறங்க தைரியமே வருதாம். போர்மேன் சொல்றாரு."

பேட்டரி அண்ணன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "இன்னாப்பா, என் சரக்க என்கிட்டயே விக்கிறியா? என்னப் பத்தி எவன் பேசப் போறான்?"

எத்தனை தரம் சொல்லியும் அவர் நம்பவில்லை.

ஆனால் போர்மேன் ஒருநாள் கேஜில் அதை உண்மையாகவே சொன்னார். பக்கத்தில் நின்று கேட்டவன் நான்.