ரிசார்ட் சாரின் பத்து தம்பிகளும் ஒரு மச்சானும்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் தெருவில், ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ சொந்தமாக ரூம் போட்டுப் போனவர் ஒருவர்கூடக் கிடையாது. எல்லோரையும் அனுப்பி வைத்தவர் ரிசார்ட் சார். அவருக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. அது கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் ரிசார்ட் சார் ஆனது ஒரு ஹாட்பேக்கால். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடை வாசலில் யாரோ நீட்டிய சீட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்டார். மறுநாளே போன். பரிசு விழுந்திருக்கிறது, ஜோடியாக வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மனைவி சரோஜா அக்காவோடு போனார். ஏசி ஹாலில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் மலைப் படமாகக் காட்டினார்கள். திரும்பி வரும்போது அக்கா கையில் ஹாட்பேக், சார் கையில் பணம் கட்டி வாங்கிய, இருபத்தைந்து வருடத்துக்கான ரிசார்ட் உறுப்பினர் அட்டையும் ரிசார்ட் படங்கள் போட்ட ஒரு புத்தகமும். வருடத்தில் ஏழு நாள் மலையில் தங்கலாம்.

"இட்லி அரை மணி நேரம்கூட அதுல சூடா இருக்கறதில்ல" என்பார் அக்கா. அவருக்கு ஹாட்பேக் மேல்தான் கோபம்.

முதல் பயணத்துக்கு சார் குக்கர், அரிசி, துணி காயப்போடக் கயிறு, வடாம் மாவு எல்லாம் எடுத்துப் போனார். கொடைக்கானல் பால்கனியில் வடாம் பிழிந்தார். ரிசார்ட்காரர்கள் ஓடி வந்தார்களாம்.

"பால்கனியும் சேர்த்துத்தானே கொடுத்திருக்கீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

ஏழு நாளும் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. ஈர வடாத்தோடு ஊர் திரும்பி, இங்கே மொட்டை மாடியில் ஒரே மதியத்தில் காயவைத்து, 'கொடைக்கானல் வடாம்' என்று தெரு முழுக்கக் கொடுத்தார். புளிப்பு தாங்கவில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றே சொன்னோம்.

அவரால் போக முடியாத வருடங்களில் அந்த ஏழு நாளும் வீணாகக் கூடாதே என்று தவிப்பார். தெருவில் யாருக்காவது கல்யாணமா, யார் பிள்ளையாவது பிளஸ் டூ பாஸா, உடனே ரூம் போட்டுவிடுவார். குடும்பத்தினர் மட்டுமே தங்கலாம் என்று விதி. அதனால் என்ன? தெருவில் பத்துப் பேரைத் தம்பிகள் என்று எழுதிக் கொடுத்தார். ரிசார்ட் ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"சார், உங்க தம்பிங்க எல்லாருக்கும் இனிஷியல் வேற வேறயா இருக்கே?"

"கூட்டுக் குடும்பம்மா. கொஞ்சம் குழப்பம் இருக்கத்தான் செய்யும்."

பதினொன்றாவதாக என் பெயரை எழுதும்போது அவருக்கே கூச்சமாகிவிட்டது. என்னை சரோஜா அக்காவின் தம்பி ஆக்கிவிட்டார்.

போன வருடம் அக்காவுக்கு மூட்டு வலி அதிகமாகி, டாக்டர் படி ஏறக்கூடாது என்றுவிட்டார். மலை ரிசார்ட்டில் ரூமுக்குப் போகவே நாற்பது படி. "நீங்களே போகலேன்னா எதுக்குப்பா? வித்துடுங்க" என்று வெளிநாட்டிலிருந்து மகன் நச்சரித்தான். சாரும் அரை மனதாகச் சம்மதித்தார். ஊரப்பாக்கத்திலிருந்து வாங்க ஒருவர் வந்தார். சார் கேட்ட முதல் கேள்வி:

"உங்களுக்குத் தம்பிங்க எத்தனை பேரு?"

"இல்ல சார், நான் ஒரே பையன்."

"அப்ப உங்களுக்கு எதுக்கு இது?"

எப்படியோ பேச்சு முடிந்தது. ஆனால் பெயர் மாற்ற, பட்டியலில் உள்ள எல்லாக் குடும்பத்தினரும் 'எனக்கு ஆட்சேபணை இல்லை, இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். சார் படிவங்களோடு தெருவில் இறங்கினார். ஒரு தம்பிக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. இன்னொரு தம்பி சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயிருப்பதாக, உள்ளேயிருந்து அவரே குரல் கொடுத்தார். இஸ்திரி போடும் முருகன்தான் நேராகக் கேட்டான்.

"இன்னா சார் நீ? தம்பின்னு எழுதி ஊட்டிக்கு அனுப்சிட்ட. இப்ப ஒண்ணும் பாத்தியதை இல்லேன்னு எழுதிக் குடுன்றியே. நல்லாவா கீது?"

"அக்காவால மலை ஏற முடியலடா."

"மலையே இன்னாத்துக்கு? மேடு இல்லாத ஊரு எதுனா அந்த புக்குல இருந்தா பாரு சார்."

சார் வீட்டுக்குப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்தார். அன்றைக்கு ஹாலில் மலையைக் காட்டினார்கள். இத்தனை வருடமும் மலைக்கே போய்க்கொண்டிருந்தார். அந்தப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. அங்கே கடற்கரையோரமாக ஒரு ரிசார்ட் இருந்தது. எல்லா ரூமும் தரைத்தளம்.

ஆனாலும் மகனுக்குக் கொடுத்த வாக்கு உறுத்தியதோ என்னவோ, கடைசியாக என் வீட்டுக்கு வந்து படிவத்தை நீட்டினார்.

"நீ போட்டாதான்பா மத்தவங்களும் போடுவாங்க. நீ என்ன சொல்ற?"

நான் பேனாவை வாங்கி என் சட்டைப் பையில் சொருகிக்கொண்டேன்.

"கடற்கரைக்கு எப்ப கிளம்பலாம், சொல்லுங்க மச்சான்."

அவர் படிவத்தை நாலாக மடித்து விசிறிக்கொண்டே சிரித்தார். அடுத்த மாதம் தெருவே போகிறது. ஹாட்பேக்கும் வருகிறது.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. எங்கோ ஓர் ஆபீஸ் கோப்பில் மட்டும் ஓர் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் இருக்கிறார்கள். அந்த உறவைக் கையெழுத்துப் போட்டு விற்க எனக்கு மனசு வரவில்லை.