எல்லைக்குள்ளேயே எல்லை தாண்டின மாப்பிள்ளை

அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தங்கச்சி கல்யாணத்துக்கு பம்பாயிலேருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைப் பிச்சாவரம் கூட்டிட்டுப் போய், படகுல சுத்திக் காட்டி, சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னாடி சிதம்பரம் மண்டபத்துல கொண்டுவந்து விடணும்.

இதுல சொதப்ப என்ன இருக்குன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அம்மா வேன் கிட்ட வந்து காதோட காதா ஒரு விஷயம் சொன்னாங்க.

"டேய், மாப்ளயும் லாட்ஜ்ல போரடிக்குதுன்னு கூட வராராம். விடிகாலையிலதான் காப்புக் கட்டியிருக்கு. எல்லை தாண்டாம பாத்துக்க."

கல்யாணத்துக்குக் காப்புக் கட்டிட்டா, தாலி கட்டுற வரைக்கும் எல்லை தாண்டக்கூடாது. எங்க பக்கம் இது சட்டம். மத்த எதை மறந்தாலும் எங்கம்மா இதை மறக்க மாட்டாங்க. ரெண்டு வருஷம் ஜாதகத்தைத் தூக்கிட்டு அலைஞ்சு அமைஞ்ச சம்பந்தம் இது. நடுவுல ஒரு பூனை குறுக்க வந்தாக்கூட அவுங்களுக்கு நெஞ்சு அடைச்சுடும்.

"கவலப்படாதம்மா. கடலூர் ஜில்லா எல்லை எனக்குத் தெரியாதா?"

நான் அப்ப சோப்புக் கம்பெனியில சேல்ஸ் ரெப். கடலூர் செம்மண்டலத்துல வீடு, பைக்ல ஜில்லா பூரா கடை கடையா லைன். போன்ல மேப்பெல்லாம் வராத காலம். மேப்பே நான்தான்!

எல்லைன்னு மட்டும் அம்மா சொன்னதை ஜில்லா எல்லைன்னு நானா பெருசாக்கிக்கிட்டேன் பாருங்க, அங்கதான் சனி முதல்ல காலை வச்சது.

கிள்ளை தாண்டி பிச்சாவரம் போனா, ஞாயித்துக்கிழமை! காலேஜ் பசங்க, ஸ்கூல் பசங்க, ரெண்டு கல்யாண கோஷ்டின்னு படகுக்கு வரிசை ரோடு வரைக்கும் நிக்குது.

வேன்ல மாப்பிள்ளையோட அத்தை நாகலட்சுமியும் வந்திருந்தாங்க. அந்தக் குடும்பத்துல அவுங்க சொல்றதுதான் தீர்ப்பு. கண்ணைச் சுருக்கிட்டு சுரபுன்னைக் காட்டைப் பாத்தாங்க.

"இதுவா? பம்பாயில வாஷி பாலத்துல ட்ரெயின் போறப்ப டெய்லி பாக்குறதாச்சே! இதுக்கா இவ்ளோ தூரம்?"

எனக்கு மூஞ்சி தொங்கிடுச்சு. எங்க ஜில்லாவுக்கே அது ஒண்ணுதான் பெருமை.

அத்தையோட வீட்டுக்காரர் மாமா மெல்ல வாயைத் தொறந்தார். சிதம்பரத்துல வேன் ஏறினதுலேருந்து அவர் பேசின முதல் வார்த்தை அதுதான்.

"பாண்டிச்சேரி பக்கத்துலதானே?"

"பக்கம்தான் மாமா. கடலூர் தாண்டினா பாண்டி."

"பீச்சு நல்லாருக்குமாமே!"

பீச்சைப் பத்திச் சொல்றப்ப அந்த மனுஷன் முகத்துல வந்த வெளிச்சம் இருக்கே, வெறும் பீச்சுக்கு அவ்ளோ வெளிச்சம் வராது.

அத்தை உடனே கேட்டாங்க. "காப்புக் கட்டின புள்ளய வச்சிக்கிட்டு வேற ஸ்டேட்டுக்கு எப்படிப் போறது?"

இங்கதான் என் மூளை வேலை செஞ்சுச்சு. செய்யாம இருந்திருக்கலாம்.

"அத்தை, பாண்டிக்குக் கொஞ்சம் முன்னாடி ரெட்டிச்சாவடின்னு ஒரு ஊரு. அது கடலூர் ஜில்லா, நம்ம தமிழ்நாடு. மாப்ளயும் நானும் அங்க எறங்கி டீ குடிச்சிட்டு உக்காந்திருக்கோம். நீங்க பாண்டியப் பாத்துட்டு வாங்க. வரும்போது எங்களை ஏத்திக்கலாம்."

"நிச்சயமா அது நம்ம எல்லைதானா தம்பி?"

"வாராவாரம் அங்க கடைங்களுக்கு சோப்பு போடுறேன் அத்தை! எங்க கம்பெனி கணக்குலயே அது கடலூர் ஏரியா."

சொன்னது அத்தனையும் சத்தியம். அதுதான் இதுல கொடுமை.

வேன் திரும்புச்சு. கடலூர் வந்து, பெண்ணையாத்துப் பாலம் தாண்டி, காத்து முகத்துல அடிக்க ஜோராப் போய்ட்டிருக்கோம். அத்தை அசந்து தூங்கிட்டாங்க. மாமா ஜன்னலோரம் உக்காந்து வழியில வர்ற கடை போர்டையெல்லாம் ஆசையா படிச்சிட்டே வந்தார். மாப்பிள்ளை முரளி பம்பாயிலேயே பொறந்து வளர்ந்தவர். தமிழ் நல்லாப் பேசுவார், படிக்கிறது மட்டும் எழுத்துக் கூட்டித்தான். அவரும் வழியெல்லாம் படிச்சிட்டு வந்தார்.

ரெட்டிச்சாவடியில வேன் நின்னுச்சு. எறங்கினோம். ஒரு கடை போர்டைக் காட்டி, "பாருங்க, கடலூர் மாவட்டம்!"னு மார் தட்டினேன்.

மாப்பிள்ளை தலையைச் சொறிஞ்சார்.

"மச்சான், ஒரு டவுட்டு. வர்ற வழியில ஒரு பெரிய போர்டு படிச்சேனே. பு...துச்...சே...ரி... அன்புடன் வரவேற்கிறதுன்னு. அது எதுக்கு?"

நான் வந்த வழியைத் திரும்பிப் பாத்தேன்.

விஷயம் என்னன்னா, எங்க பக்கம் எல்லை நேர் கோடு கிடையாது. கடலூர் முடிஞ்சா முள்ளோடை, கன்னியக்கோயில்னு பாண்டி வரும். அப்புறம் ரெட்டிச்சாவடின்னு திரும்ப கடலூர் வரும். அதைத் தாண்டினா மறுபடி பாண்டி. வாராவாரம் நானே அந்த வழியாத்தான் பைக்ல போறேன். நடுவுல இருக்கிறது என் ஏரியா இல்லையா, அதனால அப்படி ஒரு இடம் இருக்கிறதே என் மண்டையில ஏறல!

அதாவது, மாப்பிள்ளை எல்லைக்குள்ளதான் நிக்கிறார். ஆனா எல்லை தாண்டி வந்து நிக்கிறார்.

அத்தை முழிச்சிட்டாங்க. விஷயத்தைக் கேட்டதும் வேன் உள்ளேருந்தே ஒரு சத்தம். டீக்கடையில வடை எடுத்த ஆளு வடையை அப்படியே போட்டுட்டார்.

"அய்யய்யோ! சம்பந்தியம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்! டிரைவர், உங்களுக்கும் தெரியாதா?"

டிரைவர் தாஸ் அண்ணன் நிதானமா சொன்னார். "தெரியும்மா. தம்பி உள்ளூரு ஆளாச்சே, ஏதோ பரிகாரம் இருக்கும்போலன்னு நெனச்சேன்."

"சரி அத்தை, ஆனது ஆச்சு. வந்த வழியே திரும்பிடலாம்"னேன்.

"திரும்புறதா? திரும்பினா மறுபடியும் தாண்டணுமே! தெரியாம தாண்டுனது ஒண்ணு. தெரிஞ்சே தாண்டுனா அது வேற கணக்கு!"

பாண்டி மண்ணுல சக்கரம் படாம கடலூர் போய்ச் சேரணும். மாமா மட்டும் வடக்கால கையைக் காட்டி, "இன்னும் கொஞ்ச தூரம்தான் பாண்டி இருக்காம்"னு முனகினார். அத்தை பாத்த பார்வையில கை தானா கீழ எறங்கிடுச்சு.

புல்லுக்கட்டோட சைக்கிள்ல வந்த ஒருத்தரைக் கேட்டேன்.

"அண்ணே, பாண்டி படாம கடலூர் போறதுக்கு வழி இருக்கா?"

அவர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். "ஏன், எதுனா கேஸா?"

"இல்லண்ணே, கல்யாணம்."

"அப்ப மேற்கால உள்ளார பூந்து போங்க. கேட்டுக் கேட்டுப் போங்க."

பூந்தோம். ரெண்டு பக்கமும் கரும்பு. நடுவுல வேன் அகலத்துக்கு ஒரு மண் ரோடு. கொஞ்ச தூரத்துல களத்துமேட்டுல ஒரு அம்மா உளுந்து காய வச்சிட்டிருந்தாங்க.

"யக்கா, இது கடலூரா பாண்டியா?"

"எதக் கேக்குற? எம் பெரியவன் வூட்டக் கேக்குறியா, சின்னவன் வூட்டக் கேக்குறியா?"

"ரெண்டும் வேற வேற ஸ்டேட்டா?"

"ஆமா. அதனாலதான் சண்ட சச்சரவு இல்லாம கீறானுவ."

அத்தை கண்ணை மூடி சாமி பேரைச் சொல்ல ஆரம்பிச்சாங்க.

அதுக்கப்புறம் ஒரு வாய்க்கா. மதகு மேல ஏறின வேன் ஒரு பக்கமா சாஞ்சு சேத்துல எறங்கிடுச்சு. எல்லாரும் எறங்கித் தள்ளினோம். மாப்பிள்ளையும் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஓடி வந்தார்.

"டேய் முரளி! காப்புக் கட்டுன கையால தள்ளாத!"

பாவம் மனுஷன், வலது கையைப் போலீஸ்காரர் மாதிரி மேல தூக்கிப் பிடிச்சிட்டு இடது கையால மட்டும் தள்ளினார். அந்தப் பக்கமா போன ஒருத்தர், தன்னைத்தான் நிறுத்துறாருன்னு நினைச்சு பைக்கை நிறுத்திட்டார். அவரையும் சேர்த்துக்கிட்டுத் தள்ளினதுலதான் வேன் கிளம்புச்சு.

அந்த நேரம் பாத்து அம்மா போன்.

"எங்கடா இருக்கீங்க?"

"கடலூர்லதாம்மா." சொல்றப்ப உண்மையிலேயே எந்த ஸ்டேட்டுல நிக்கிறேன்னு எனக்குத் தெரியாது.

"கடலூர்ல என்னடா வேல? பிச்சாவரம்னு சொன்னே?"

"அங்க கூட்டம் ஜாஸ்திம்மா. டவர் இல்ல, அப்புறம் பேசுறேன்!"

போனை வச்சிட்டு நிமிர்ந்தா, கரும்பு வயலுக்கு நடுவுல, வீடு வாசல் எதுவுமில்லாத இடத்துல, பளபளன்னு ஒரு பிராந்திக் கடை. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு எல்லைக் கல்லே தேவையில்ல. வயக்காட்டுக்குள்ள அப்படி ஒரு கடை பெயின்ட் அடிச்சு நின்னா அது பாண்டிச்சேரிதான்.

மாமா முகத்துல மறுபடி அதே வெளிச்சம்.

"நானே எறங்கி வழி கேட்டுட்டு வரேன்!"

"உக்காருங்க!" இது அத்தை.

கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு தடவை தாண்டக்கூடாதுன்னு கிளம்பி, அதுக்குள்ள எத்தனை தடவை தாண்டியிருக்கோம்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். மாப்பிள்ளை சுருண்டு உக்காந்திருந்தார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. சும்மா சொல்லல, நிஜமாவே. தங்கச்சி மேக்கப்போட உக்காந்திருப்பா. அம்மா வாசலையே பாத்திட்டிருப்பாங்க. என்னோட வாய்க்கொழுப்புனால இந்தக் கல்யாணத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?

அத்தை என்னைப் பாத்தாங்க. என்ன நினைச்சாங்களோ, குரல் எறங்கிடுச்சு.

"சரி, அழுவாத தம்பி. போனதும் தாண்டித்தான் போனோம், வரதும் தாண்டித்தான் வரோம். கூட்டிக் கழிச்சா நம்ம எல்லைக்கே வந்துடுறோமில்ல. டிரைவர், மெயின் ரோட்டுக்கு விடுங்க. யாரும் சம்பந்தியம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது. எல்லாரும் சத்தியம் பண்ணுங்க!"

வேன்ல ஒருத்தர் பாக்கியில்லாம சத்தியம் பண்ணினோம். மாமாகிட்ட மட்டும் ரெண்டு தடவை வாங்கினாங்க.

சிதம்பரத்துல மண்டபத்து வாசலுக்கு வந்தா, மேளக்காரங்க உறையைக் கழட்டி வச்சிட்டுக் காத்திருக்காங்க. சொந்தக்காரக் கூட்டம் மொத்தமும் வாசல்ல. அம்மா ஆரத்தித் தட்டோட நடுவுல.

மாப்பிள்ளை எறங்கினார். வேட்டியில முழங்கால் வரைக்கும் சேறு. அம்மா ஒரு நிமிஷம் அதைப் பாத்தாங்க. தட்டைத் தூக்கிச் சுத்த ஆரம்பிச்சாங்க. மூணாவது சுத்து முடியலை, பின்னாடி ஒரு விசும்பல்.

சத்தியம் வாங்கின அத்தையேதான்!

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க! காப்புக் கட்டுன புள்ளய எல்லை தாண்ட வச்சிட்டோம்! ஒரு வாட்டி இல்ல சம்பந்தி, கணக்கே இல்ல! எனக்கு மனசுல வச்சிக்க முடியல!"

மேளக்காரர் குச்சியை இறக்கிட்டார். அம்மா கையில தட்டு நின்னுடுச்சு. நான் வேனுக்குப் பின்னாடி போயிடலாமான்னு பாத்தேன், தாஸ் அண்ணன் வேனை எடுத்துட்டார்.

அம்மா மாப்பிள்ளையை மெதுவா ஏற எறங்கப் பாத்தாங்க. காப்புக் கையைப் பாத்தாங்க, சேத்தைப் பாத்தாங்க, கடைசியா முகத்தைப் பாத்தாங்க.

"மத்தியானம் சாப்டீங்களா மாப்ள?"

"இல்லத்தை. காலையில சாப்பிட்ட இட்லிதான். நடுவுல வேன் வேற தள்ளினோம்."

அவ்ளோதான்! தட்டு பக்கத்துல இருந்த சித்தி கைக்குப் போச்சு. அம்மா கை என் காதுக்கு வந்துச்சு. அத்தனை சனத்துக்கு முன்னாடி.

"கல்யாண மாப்ளய நாள் பூரா பட்டினி போட்டிருக்கியேடா பாவி! அதுவும் பசிச்ச வயித்தோட வேன் தள்ள விட்டிருக்க! எல்லையாவது கில்லையாவது, ஐயரக் கூப்ட்டு புதுக் கயிறு கட்டிக்கலாம். பசிச்ச வயித்துக்கு என்னடா பரிகாரம் இருக்கு?"

புதுக் காப்பு கட்டினாங்க. அதுக்கு முன்னாடியே சமையல்கட்டுலேருந்து சூடா பொங்கல் வந்துடுச்சு. மாப்பிள்ளை அழைப்பு கொஞ்சம் லேட்டாச்சு, மாப்பிள்ளை சாப்பிட்டுட்டிருந்ததால. மறுநாள் முகூர்த்தம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. தங்கச்சியும் முரளியும் இன்னைக்கும் நல்லாத்தான் இருக்காங்க.

எனக்குத்தான் வேலை மாத்திட்டாங்க. இப்பெல்லாம் எங்க சொந்தத்துல எந்தக் கல்யாணம்னாலும் நான் பந்தியில தண்ணி ஊத்துறதோட சரி. அதுவும் ஒரே வரிசைக்கு மட்டும்.