கீரிக் கடற்கரையில் கேட்ட என் ஒப்பாரி

வருத்தக்காரன் (நோயாளியைத்தான் சொல்கிறேன்) மூச்சு வாங்கிக்கொண்டு தொலைபேசியில் கதைக்கக்கூடாது. பிள்ளைகளே, இதை உங்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராது. பாதித் தெருவை அழவைத்து நான் படித்த பாடம் இது.

என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை விட்டு நின்றுவிட்டன. (என்னிடம் ஒரு சொல்கூடச் சொல்லாமல்!) கிழமையில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஓர் இயந்திரம் என் இரத்தத்தைக் கழுவித் தரும். நான் குடிக்கிற தண்ணீரை என் மனைவி மேரி அளந்துதான் தருவாள். காலையில் எழும்பினால் முதலில் என் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பாள், பிறகுதான் முகத்தைப் பார்ப்பாள். வீட்டில் எல்லாரும் மெதுவாகக் கதைக்கப் பழகிவிட்டார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டுக் கனகாலம்.

அதனால்தான் ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “கீரிக் கடற்கரைக்குப் போய்க் கூழ் காய்ச்சுவம்” என்றேன். ஒரே நிபந்தனை. அன்று முழுக்க யாரும் என்னை வருத்தக்காரனாகப் பார்க்கக்கூடாது.

“ஓம், பார்க்கேல்லை. ஆனா கூழ் உங்களுக்கு அரைச் சிரட்டைதான்” என்றாள் மேரி. (நிபந்தனை வீட்டுவாசலைத் தாண்டவில்லை.)

நண்டும் இறாலும் போட்டு, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா கரைத்து அவள் காய்ச்சிய கூழின் வாசத்தில் எனக்குப் பத்து வயது குறைந்தது. என் பிள்ளைகளோடு கிளித்தட்டு விளையாட இறங்கினேன். இரண்டு கோடு தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. அப்போதுதான் நினைவு வந்தது. பூசை முடிந்ததும் எங்கள் பங்கு ஃபாதரை ஓட்டோவில் ஏற்றிவருவதாகச் சொன்ன மேரியின் தம்பி அந்தோனியை இன்னும் காணவில்லை. பானையோ பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. உடனே அவனுக்கு அழைத்தேன்.

“அந்தோனி... ஃபாதரைக் கூட்டிக்கொண்டு... கெதியா வா... முடியப் போகுது...”

“ஐயோ அத்தான்! என்ன செய்யுது?”

“கதைக்க ஏலாது... கெதியா...”

அதோடு என் தொலைபேசி சார்ஜ் இல்லாமல் அணைந்தது. நான் சொன்னது கூழை. அவனுக்கு விளங்கியது என்னை.

இது தெரியாமல் நான் ஒரு மரத்தடியில் பாயை விரித்து, நனைத்த துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். மேரி பிள்ளைகளோடு சிரட்டைகளைக் கழுவப் போனாள். நான் நித்திரையாகிவிட்டேன்.

விழித்தபோது என் காலடியில் ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது. அந்தோனி சொல்லி ஓடிவந்த என் அக்காவின் குரல்.

“என்ர தம்பி! தங்கக் குணமடா உனக்கு! ஒருத்தரையும் எதிர்த்துக் கதைக்காத பிள்ளையல்லோ!” (முந்தின நாள்தான் “வாய் காட்டாதை” என்று என்னைக் கிழித்திருந்தா.) “ஃபாதர், கெதியா வாங்கோ!”

நான் எழும்பியிருக்கவேண்டும். உண்மையைச் சொல்கிறேன், மனம் வரவில்லை. நாற்பது வருடத்தில் அக்கா என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்சம் கேட்போமே என்று துவாய்க்குள்ளேயே கிடந்தேன்.

திடீரெனச் சிரட்டைகள் விழும் சத்தம் கேட்டது. மேரி வந்துவிட்டாள். அவள் கத்தவில்லை, அழவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

“இருக்கிறன்! மேரி, நான் இருக்கிறன்!” என்று துள்ளி எழும்பினேன்.

அக்கா மணலில் மல்லாக்க விழுந்தா. அந்தோனி சிலுவை அடையாளம் போட்டான். மேரி அகப்பையை எடுத்தாள்.

“நித்திரையா கொண்டனீங்கள்? நித்திரையா?” என்று என் தோளில் ஓர் அடி, இன்னோர் அடி. மூன்றாவது அடி விழவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாய் மணலிலேயே இருந்துவிட்டாள். பிள்ளைகள் எங்கள்மேல் வந்து விழுந்தார்கள்.

ஃபாதர் கையில் எண்ணெய்ச் சிமிழோடு நின்றார். “அப்ப என்னத்துக்கு என்னைக் கூப்பிட்டனீர்?”

“கூழ் குடிக்க, ஃபாதர்.”

அவர் சிரித்துக்கொண்டே இருந்து இரண்டு சிரட்டை குடித்தார். பிறகு, “இந்த எண்ணெய் சாகிறவைக்கு மட்டுமில்லை, சுகமில்லாத ஆக்களுக்கும்தான். பூசட்டே?” என்றார். வருத்தம் வந்த நாள் முதல் நான் பயந்தது அந்த எண்ணெய்க்குத்தான். அன்று நண்டு வாசம் போகாத விரலால் அவர் என் நெற்றியில் சிலுவை வரைந்தபோது பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தார்கள். எனக்குப் பயம் வரவில்லை. அழுவதற்கென்று பின்னால் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வந்து சேர்ந்த அயலவர்கள் மிச்சக் கூழை வழித்துக் குடித்தார்கள்.

அக்காவுக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. சேலையில் மணலைத் தட்டிக்கொண்டே சொன்னா: “இஞ்ச பார், உனக்கு அழவேண்டியதை நான் அழுது முடிச்சிட்டன். இன்னொருக்கால் அழ என்னால ஏலாது. நீ இனிச் சாகேலாது, விளங்குதோ?”

இப்போதும் நான் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் காலைகளில் அக்கா தன் வீட்டு வாசல் படலையில் நின்று, “நான் அழமாட்டன், சொல்லிப்போட்டன்!” என்று கத்துவா. என் பிள்ளைகளும் சேர்ந்து கத்துவார்கள்.

“ஓம், பின்னேரம் வாறன்” என்று சொல்லிவிட்டு நான் ஓட்டோவில் ஏறுவேன்.